மொட்டைமாடிக் கரண்டைப் பங்கு போட்டுக்கொள்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் 24 வீடுகள் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 2024 கடைசியில் எல்லோரும் சேர்ந்து 10 கிலோவாட் சோலார் போட்டோம். அன்றிலிருந்து பக்கத்துத் தெருக்காரர்கள், ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள், விவசாயம் பார்க்கும் நண்பர்கள் என்று ஆள் மாற்றி ஆள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், கேள்விகளும் அநேகமாக ஒன்றேதான். அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். எங்கள் அனுபவமும் இருக்கிறது, மற்ற மாநிலங்களிலும் நாடுகளிலும் எப்படிச் செய்கிறார்கள் என்று தேடித் தெரிந்துகொண்டதும் இருக்கிறது.

சோலாரைக் குழுவாகப் பகிர்வது என்றால் சரியாக என்ன?

ஒரு கூரையிலோ காலி நிலத்திலோ பேனல் போட்டு, அதில் வரும் கரண்டைப் பல வீடுகள் கணக்கில் பிரித்துக்கொள்வது. போட்ட பணமும் எல்லோருடையது, கிடைக்கும் மிச்சமும் எல்லோருடையது. குழு என்பது குடியிருப்போர் சங்கமாக இருக்கலாம், கூட்டுறவுச் சங்கமாக இருக்கலாம், பத்து விவசாயிகளாக இருக்கலாம், ஒரு பஞ்சாயத்தாகக்கூட இருக்கலாம்.

அவரவர் தனித்தனியாகப் போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். முடிந்தவர் தாராளமாகப் போடட்டும். ஆனால் நம் ஊர்களில் சொந்தமாக மொட்டைமாடி உள்ளவர் எத்தனை பேர்? வாடகைக்கு இருப்பவர், அடுக்குமாடியில் இரண்டாவது மாடியில் இருப்பவர், ஓட்டு வீட்டுக்காரர், பக்கத்துக் கட்டடத்தின் நிழல் விழும் வீட்டுக்காரர், இவர்கள் யாருக்கும் தனி சோலார் கிடையாது. வெயில் எல்லோர் தலையிலும் ஒரே மாதிரிதான் அடிக்கிறது, அதில் வரும் லாபம் மட்டும் கூரை உள்ளவருக்கே போகிறது. என்னை இந்த வேலைக்குள் இழுத்ததே இந்த ஒரு விஷயம்தான்.

என் வீட்டுக் கரண்ட் பக்கத்து வீட்டுக்கு எப்படிப் போகும்? தனியாக ஒயர் இழுக்க வேண்டுமா?

வேண்டாம். இழுக்கவும் கூடாது, உரிமம் இல்லாமல் பிறருக்கு மின்சாரம் விநியோகிப்பது மின்சாரச் சட்டம் 2003-படி தவறு. ஏற்கனவே தெருவில் ஓடும் அதே லைன்தான். உங்கள் பேனலில் மிஞ்சும் கரண்ட் மீட்டர் வழியாகத் தெரு லைனுக்குள் போகிறது, அங்கே பக்கத்தில் எந்த வீட்டில் ஃபேனோ கிரைண்டரோ ஓடுகிறதோ அங்கே அது செலவாகிவிடுகிறது. இது யார் சொல்லியும் நடப்பதில்லை, அதன் இயல்பே அப்படி. குழு என்று ஒன்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் கரண்ட் போகும் வழி அதேதான். மாறுவது கணக்கு மட்டும்.

பால் சொசைட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஆளாளுக்குத் தூக்கில் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள், எல்லாப் பாலும் ஒரே கேனில் கலந்துவிடுகிறது. சாயங்காலம் ஒருவர் அரை லிட்டர் வாங்கிப் போனால் அது யார் வீட்டு மாட்டுப் பால் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் யார் எத்தனை லிட்டர் ஊற்றினார், யார் எவ்வளவு வாங்கினார் என்பது நோட்டில் இருக்கிறது, அந்த நோட்டை நம்பித்தான் பணம் பட்டுவாடா ஆகிறது. சோலார் குழுவில் கேன் என்பது மின்வாரியத்தின் லைன், நோட்டு என்பது மீட்டர்.

பகலில் வருவதை ராத்திரிக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாமா?

அது உங்கள் ஊர் விதி எப்படிக் கணக்குப் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது, குழுவின் தலையெழுத்தே இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

நெட் மீட்டர் என்பது இரண்டு எண்களைக் காட்டும். ஒன்று நீங்கள் லைனிலிருந்து எடுத்தது, இன்னொன்று நீங்கள் லைனுக்குக் கொடுத்தது. பில் போடும் காலம் முழுவதற்கும் இரண்டையும் கழித்து மிச்சத்துக்குப் பணம் கட்டு என்பது ஒரு முறை. இதில் மத்தியானம் கொடுத்ததை ராத்திரி எடுத்தாலும் கணக்குச் சரியாகிவிடும். இன்னொரு முறையில் கொடுத்ததற்கு ஒரு விலை, எடுத்ததற்கு வேறு விலை. பெரும்பாலும் கொடுப்பதற்குக் கிடைப்பது குறைவாகத்தான் இருக்கும், அங்கே விளையும் நேரத்திலேயே செலவழித்தால்தான் லாபம்.

ஆஸ்திரியாவில் இன்னும் நுணுக்கம். அங்கே 2021 ஜூலையில் வந்த சட்டத்தின்படி அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் சேர்ந்தாலே ஒரு மின்சாரக் குழு தொடங்கலாம், ஆனால் பகிர்வு 15 நிமிடத்துக்கு ஒரு முறை கணக்கிடப்படுகிறது. ஒரு கால்மணி நேரத்தில் குழுவின் பேனல்கள் எவ்வளவு கொடுத்தன, அதே கால்மணியில் உறுப்பினர்கள் எவ்வளவு செலவழித்தார்கள் என்று ஸ்மார்ட் மீட்டர் சொல்கிறது, பொருந்துகிற அளவுதான் பகிர்ந்ததாகக் கணக்கு. மிஞ்சினால் வெளியே விற்பனை, குறைந்தால் அவரவர் வழக்கமான கம்பெனியிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் இதைப் புரிந்துகொள்ள ஒரு மோட்டார் போதுமானதாக இருந்தது. வாட்ச்மேன் அண்ணா வருஷக்கணக்காக விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் தண்ணீர் மோட்டார் போடுவார். சோலார் வந்த முதல் மாதம் பார்த்தால், மத்தியானம் பேனலில் வருவதெல்லாம் வெளியே போகிறது, மோட்டாருக்கான கரண்டை முழு விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். அண்ணாவிடம் சொல்லி மோட்டாரைப் பதினொரு மணிக்கு மாற்றினோம். ஒரே வாரத்தில் சண்டை வந்துவிட்டது, காலையில் எல்லோரும் குளிக்கும் நேரத்தில் மேல் தொட்டி காலி. அப்புறம் மத்தியானம் மூன்று மணிக்கு இன்னொரு தடவை போட்டுத் தொட்டியை வழிய நிரப்பி வைக்கலாம் என்று அண்ணாதான் யோசனை சொன்னார். ராத்திரிக்கும் மறுநாள் காலைக்கும் அது தாங்குகிறது. பேட்டரி எதுவும் வாங்காமல் வெயிலைத் தொட்டியில் சேமித்து வைத்த மாதிரி ஆயிற்று.

இந்தியாவில் வீட்டுக்கு வீடு பகிர விதி இருக்கிறதா?

சில மாநிலங்களில் இருக்கிறது. மின்சார விஷயத்தில் விதி வகுப்பது அந்தந்த மாநில ஒழுங்குமுறை ஆணையம், அதனால் ஒரு ஊர்க்காரர் சொல்வது இன்னொரு ஊருக்குப் பொருந்தாது.

டெல்லியில் 2019-இலேயே வழிகாட்டு நெறிகள் வந்துவிட்டன. அதில் இரண்டு வகை. ஒரே ஆளுக்கோ ஒரே அலுவலகத்துக்கோ பல இடங்களில் மீட்டர் இருந்தால், ஓரிடத்தில் விளைவதை எல்லா மீட்டர்களிலும் கழித்துக்கொள்ளலாம், இதைக் குழு நெட் மீட்டரிங் என்கிறார்கள். இரண்டாவதுதான் நமக்கு வேண்டியது, மெய்நிகர் நெட் மீட்டரிங். பல வீட்டுக்காரர்கள் சேர்ந்து எங்கோ ஓரிடத்தில் ஒரு சோலார் அமைக்கிறார்கள், யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுக்கிறார்கள், அந்த விகிதப்படி ஒவ்வொருவர் பில்லிலும் யூனிட் கழிகிறது. வீட்டில் ஒரு பேனல்கூட இல்லாதவருக்கும் பில் குறைகிறது.

உத்தரப் பிரதேசத்தில் வேறொரு முயற்சி. லக்னோவில் சோலார் உள்ளவர் தன் மிச்சத்தை நேரடியாக இன்னொரு நுகர்வோருக்கு விலை பேசி விற்கும் சோதனை 2020 கடைசியில் தொடங்கியது, அதன் தொடர்ச்சியாக 2023-இல் அந்த மாநில ஆணையம் இப்படிப்பட்ட விற்பனைக்கு நெறிமுறை வெளியிட்டது.

நீங்கள் எந்த மாநிலத்தில் இருந்தாலும் உங்கள் மின்வாரிய அலுவலகத்தில் வாய்மொழியாகக் கேட்காதீர்கள். எழுத்தில் இரண்டே கேள்வி கேளுங்கள்: ஒரு சோலார் அமைப்பின் யூனிட்டைப் பல மீட்டர்களுக்குப் பிரிக்க எங்கள் இணைப்பு வகைக்கு அனுமதி உண்டா, மிச்சத்துக்கு யூனிட்டுக்கு என்ன விலை. நாங்கள் முதலில் வாய்மொழியாகக் கேட்டு, கவுண்டருக்கு ஒரு பதில் கிடைத்து, இரண்டு மாதம் வீணானது.

விதி இல்லாத இடத்தில் ஒன்றுமே செய்ய முடியாதா?

முடியும். நாங்கள் செய்தது அதுதான். தனி வீடுகளின் மீட்டரைத் தொடவே இல்லை. லிஃப்ட், மோட்டார், மாடிப்படி விளக்கு எல்லாம் ஓடுகிற பொது மீட்டருக்கு மட்டும் சோலார். அந்த பில் எல்லோருடைய பில் என்பதால் அது குறைந்தால் எல்லோருக்கும் குறைகிறது, தரைத்தளத்தில் இருப்பவருக்கும் மேல்மாடியில் இருப்பவருக்கும் ஒரே மாதிரி. விதிப் புத்தகத்தைத் திறக்காமலே பகிர்வு நடந்துவிடுகிறது. பகலில் பொது மீட்டரில் எவ்வளவு கரண்ட் செலவாகிறதோ அதற்கு மேல் பெரிதாகப் போட்டு ஏமாந்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

செலவு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு?

எங்கள் கணக்கை அப்படியே தருகிறேன். 10 கிலோவாட்டுக்கு எல்லாம் சேர்த்து 5.75 லட்சம் ஆனது. வீட்டுக்கு 20,000 வீதம் 4.80 லட்சம் வசூல், மீதி 95,000 சங்கத்தின் வைப்பு நிதியிலிருந்து கடனாக எடுத்தோம். பிரதமர் சூரிய வீடு திட்டத்தில், 2024 பிப்ரவரியில் தொடங்கியது, குடியிருப்போர் சங்கங்களின் பொது உபயோகத்துக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. அப்படி 1.80 லட்சம் வந்தது. அதில் 95,000-ஐ நிதிக்குத் திருப்பினோம். மீதி 85,000-ஐ யாருக்கும் பிரித்துக் கொடுக்கவில்லை, பேனலில் வருவதை வீட்டுக் கரண்டாக மாற்றும் கருவியான இன்வெர்ட்டருக்கென்று தனி வைப்பில் போட்டுவிட்டோம். இது ஒரு பொதுக்குழு முழுக்கச் சண்டை போட்டு எடுத்த முடிவு, ஆனால் சரியான முடிவு, ஏனென்று கீழே சொல்கிறேன்.

முன்பு இரண்டு மாதத்துக்கு 22,000 ரூபாய் வந்த பொது பில் இப்போது 7,500 பக்கம் வருகிறது. ராத்திரி விளக்கும் லிஃப்டும் நிலையான கட்டணமும் இருக்கும்வரை அது பூஜ்யம் ஆகாது, பில்லே வராது என்று சொல்லி விற்கும் ஆட்களை நம்ப வேண்டாம். இரண்டு மாதத்துக்கு 14,500 மிச்சம் என்றால் வீட்டுக்கு மாதம் 300 ரூபாய் பராமரிப்புக் கட்டணம் குறைகிறது. மானியம் போக எங்கள் கையிலிருந்து போனது 3.95 லட்சம், நாலரை வருஷத்தில் திரும்பிவிடும்.

தனி வீட்டுக்காரர் என்றால் மானியக் கணக்கு வேறு: ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000.

தமிழ்நாட்டில் சின்ன அடுக்ககங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பத்து வீடுகளுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு 2023-இல் பொது மீட்டர் கட்டணத்தை யூனிட்டுக்கு எட்டு ரூபாயிலிருந்து ஐந்தரை ரூபாய்க்குக் குறைத்தார்கள். அவர்களுக்குப் போட்ட பணம் திரும்ப இன்னும் கொஞ்சம் காலம் பிடிக்கும்.

ஒரு கிலோவாட்டில் எத்தனை யூனிட் வரும்? எவ்வளவு இடம் வேண்டும்?

நம் வெயிலில் சராசரியாக ஒரு நாளைக்கு நான்கு யூனிட், நிழல் விழாத இடம் சுமார் 100 சதுர அடி. சராசரி என்ற சொல்லைக் கவனியுங்கள். மாசி மாதத்து மத்தியானம் எங்கள் 10 கிலோவாட் இன்வெர்ட்டர் திரையில் 7.9 கிலோவாட் என்று ஓடும். ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் முழுக்கச் சேர்த்தே எட்டு யூனிட்தான் வந்தது.

கரண்ட் கட் ஆனால் சோலார் ஓடுமா?

ஓடாது. லைனோடு இணைந்த இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் போனதும் தானாக நின்றுவிடும். லைன்மேன் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும்போது உங்கள் மாடியிலிருந்து கரண்ட் பாய்ந்தால் அவர் உயிருக்கு ஆபத்து, அதனால்தான் அந்த ஏற்பாடு. கட் நேரத்திலும் வேண்டும் என்றால் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் தனியாக வாங்க வேண்டும், குழுவாகச் செய்யும்போது முதல் வருஷத்தில் அந்தச் செலவு வேண்டாம் என்பது என் கருத்து.

விவசாயிகள் இப்படிச் சேர்ந்து செய்ய முடியுமா?

செய்திருக்கிறார்கள், குஜராத்தில் கேடா மாவட்டத்தில் துண்டி என்ற கிராமத்தில். 2016-இல் அங்கே ஆறு விவசாயிகள் சேர்ந்து சோலார் மின் உற்பத்திக்கென்றே ஒரு கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள். சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனமும் டாட்டாவும் சேர்ந்து நடத்தும் ஆய்வுத் திட்டம் உதவியது. அதுவரை டீசல் எஞ்சினில் தண்ணீர் இறைத்தவர்கள் சோலார் பம்புக்கு மாறினார்கள், ஆறு பேருடையதும் சேர்த்து 56.4 கிலோவாட்.

சோலார் பம்பில் ஒரு சிக்கல் உண்டு. கரண்ட் இலவசம் என்று ஆனதும் மோட்டார் நாள் முழுக்க ஓடும், நிலத்தடி நீர் கீழே போகும். துண்டியில் இதற்கு வழி கண்டார்கள். இறைக்காத நேரத்துக் கரண்டை அந்த வட்டார மின் நிறுவனம் 25 வருஷ ஒப்பந்தத்தில் யூனிட்டுக்கு 4.63 ரூபாய்க்கு வாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் பசுமை மின்சாரத்துக்காக 1.25, தண்ணீர் மிச்சப்படுத்தியதற்காக 1.25 என்று ஆய்வுத் திட்டம் ஊக்கத்தொகை சேர்த்தது, மொத்தம் 7.13 ரூபாய். இப்போது மோட்டார் போடும்போதெல்லாம் அந்த விவசாயி ஒரு கணக்குப் போடுகிறார்: இந்த ஒரு மணி நேரம் தண்ணீர் இறைப்பதா, கரண்டை விற்பதா? வெயிலும் நெல் கோதுமை மாதிரி விற்கும் ஒரு விளைச்சல் ஆகிவிட்டது. பதிலுக்கு அவர்கள் மானிய விலை இணைப்பு கேட்கும் உரிமையை 25 வருஷத்துக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் மீட்டர் ஏற்பாடு. மின் நிறுவனத்துக்கு ஒரே ஒரு மீட்டர், ஒரே ஒரு செக், அது சங்கத்தின் பெயருக்கு. உள்ளே ஒவ்வொரு விவசாயிக்கும் தனித்தனி மீட்டர், அதை வைத்துச் சங்கம் பிரித்துக் கொடுக்கிறது. ஆறு பேருக்குத் தனித்தனியாக லைன் இழுத்து, தனித்தனியாக மீட்டர் படித்து, தனித்தனியாகப் பணம் கொடுப்பதென்றால் எந்த மின் நிறுவனமும் சலித்துக்கொள்ளும். அந்தத் தொல்லையைச் சங்கம் தன் தோளில் ஏற்றுக்கொண்டது, அதனால்தான் பேரம் படிந்தது. பால் கூட்டுறவுக்குப் பேர்போன ஆனந்த் நகரம் முன்பு இதே கேடா மாவட்டத்தில்தான் இருந்தது, அந்த மண்ணில் இது முளைத்ததில் ஆச்சரியம் இல்லை.

பஞ்சாயத்து செய்யலாமா?

சோலார் இல்லை, காற்றாலை, ஆனால் எங்கள் மாவட்டத்துக் கதை என்பதால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி 2006-இல் 1.55 கோடி ரூபாய்க்கு 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது, அதில் 1.15 கோடி வங்கிக் கடன். காற்றாலை ஊருக்குள் நிற்கவில்லை, காற்று நன்றாக வீசும் வேறு இடத்தில் நிற்கிறது. அங்கே உற்பத்தியாகும் யூனிட்டை இங்கே தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் கணக்கில் கழித்துக்கொண்டு, மிச்சத்தை விற்றுக் கடனை அடைத்தார்கள். அப்போது தலைவராக இருந்தவர் ஆர். சண்முகம். பகிர்வு என்பது கணக்கு என்று மேலே சொன்னேனே, ஓர் ஊராட்சி அதை இருபது வருஷத்துக்கு முன்பே செய்துவிட்டது.

ஏழைகளுக்கு இதில் உண்மையிலேயே ஏதாவது கிடைக்குமா, இல்லை பணம் போட முடிந்தவருக்கு மட்டும்தானா?

பணம் போட்டவருக்கே பங்கு என்று விட்டுவிட்டால் அவர்களுக்கு மட்டும்தான். அதனால் தொடக்கத்திலேயே யோசிக்க வேண்டும். இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்தின் கிழக்கே சான் ஜொவான்னி அ தெதுச்சோ என்று ஒரு பகுதி, பழைய தொழிற்சாலைகள் மூடிப்போய் வறுமை சூழ்ந்த இடம். 2021-இல் அங்கே ஒரு தொண்டு இல்லத்தின் கூரையில் 166 பேனல்கள் வைத்து, சுமார் 40 குடும்பங்களை உறுப்பினராக்கி ஒரு மின்சாரக் குழு தொடங்கினார்கள். அந்தக் குடும்பங்கள் முதலீடு எதுவும் போடவில்லை, ஒரு அறக்கட்டளை போட்டது. பகிர்ந்த மின்சாரத்துக்கு அரசு தரும் ஊக்கத்தொகை குடும்பங்களுக்குப் போகிறது.

வங்கதேசத்தில் வேறு வழி. கிராமங்களில் பல லட்சம் வீடுகளில் ஏற்கனவே சின்னச் சின்ன சோலார் இருந்தது. ஒரு வீட்டில் சாயங்காலம் மிஞ்சும், பக்கத்து வீட்டில் விளக்கே இருக்காது. 2015-இல் ஷரியத்பூரில் சோல்ஷேர் என்ற நிறுவனம் இந்த வீடுகளைச் சின்னப் பெட்டி ஒன்றால் இணைத்தது. பேனல் உள்ள வீடு விற்கிறது, இல்லாத வீடு கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கட்டி வாங்குகிறது.

வாடகைக்கு இருப்பவருக்கு என்ன பங்கு?

எங்கள் பொதுக்குழுவில் அதிக நேரம் எடுத்தது இந்தக் கேள்விதான். 24 வீட்டில் 9 வீடு வாடகை. 20,000 கொடுப்பது உரிமையாளர், பராமரிப்புக் கட்டணம் குறைவது குடியிருப்பவருக்கு. வெளிநாட்டில் இருக்கும் மூன்று உரிமையாளர்கள் நேராகவே கேட்டார்கள், எனக்கு என்ன லாபம் என்று. அவர்கள் கேட்டதில் தப்பில்லை. கடைசியில் இப்படி முடிவு செய்தோம்: வாடகை வீடுகளில் முதல் ஐந்து வருஷம் அந்த மாதம் 300 ரூபாய் சரிபாதி, 150 உரிமையாளர் கணக்குக்கு, 150 குடியிருப்பவருக்கு. அதற்குப் பிறகு முழுவதும் குடியிருப்பவருக்கு. வீட்டை விற்றால் பங்கு வீட்டோடு போகும், தனியாக விற்க முடியாது. இதையெல்லாம் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறோம்.

மொட்டைமாடி யாருக்குச் சொந்தம்?

பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பொதுவாக எல்லோருக்கும் பொது. ஆனால் சில இடங்களில் கட்டியவர் மேல்மாடிக்காரருக்கு மொட்டைமாடி உரிமையையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருப்பார், அப்படியானால் அவர் எழுத்தில் சம்மதிக்காமல் ஒரு துளைகூடப் போட முடியாது.

பத்திரத்தில் இல்லாத உரிமையும் உண்டு. முதல் மாடிப் பாட்டி முப்பது வருஷமாக எங்கெங்கே குடியிருந்தாலும் மாடியில் வடாம் போடுபவர். வேலைக்கு அளவெடுக்கும் அன்று மேலே ஏறி வந்து, "தம்பி, உங்க கண்ணாடிக்குக் கீழே எல்லாம் நிழல்தானே, என் வடாம் எங்கே காயும்?" என்று கேட்டார். அன்றைக்கு அதற்கு யாரிடமும் பதில் இல்லை. ஒப்பந்தக்காரரைத் திரும்பக் கூப்பிட்டு, பேனலை எட்டடி உயரக் கம்பியில் ஏற்றி, மேற்கு ஓரத்தில் பத்தடி அகலத்துக்கு வெயில் விழ விட்டோம். கொஞ்சம் அதிகச் செலவுதான். கீழே துணி காய்கிறது, பிள்ளைகள் விளையாடுகிறார்கள், ஓரத்தில் பாட்டியின் வடாமும் காய்கிறது.

பராமரிப்பு யார் பார்ப்பது?

பேனலுக்குத் தேவை தண்ணீரும் துடைப்பமும். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, வெயில் ஏறுவதற்கு முன் கழுவ வேண்டும். சூடான கண்ணாடியில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பேனலுக்கு 25 வருஷம் உத்தரவாதம் தருகிறார்கள், இன்வெர்ட்டர் அவ்வளவு உழைக்காது, ஐந்திலிருந்து பத்து வருஷத்துக்குள் மாற்ற வேண்டி வரும். அந்த 85,000-ஐப் பிரித்துக் கொடுக்காமல் வைத்தது இதற்காகத்தான். எட்டாவது வருஷம் திடீரென்று எல்லோர் வீட்டுக் கதவையும் தட்டினால் பாதிப் பேர் வேறு ஊருக்குப் போயிருப்பார்கள்.

தோற்றுப்போன குழுக்கள் உண்டா?

உண்டு, அதையும் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். பீகாரில் தர்னை என்ற கிராமத்தில் 2014-இல் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு, அரசு லைனோடு சேராமல் ஊருக்குள்ளேயே தனியாக ஓடும் ஒரு சோலார் மின்வலையை 100 கிலோவாட்டில் அமைத்தது, சுமார் 450 வீடுகளுக்கு. முப்பது வருஷமாகக் கரண்டே இல்லாத ஊர். ஆனால் அதில் ஃபிரிட்ஜ் போன்றவற்றை ஓட்ட முடியாது, சாயங்காலம் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். முன்னாள் முதலமைச்சர் வந்தபோது எங்களுக்கு அசல் கரண்ட் வேண்டும் என்று மக்கள் கேட்டார்கள். சீக்கிரமே அரசு லைனும் வந்தது, விலையும் குறைவு, ஒவ்வொருவராக அதற்கு மாறினார்கள், சில வருஷத்தில் சோலார் கைவிடப்பட்டது.

மக்களைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. விளக்கும் ஃபேனும் போதும் என்று வெளியாள் முடிவு செய்த ஒரு கரண்டுக்கு அவர்கள் ஏன் அதிக விலை கொடுக்க வேண்டும்? லைன் உள்ள இடத்தில் லைனோடு சேர்ந்து நிற்கும் அமைப்புதான் நிலைக்கும். லைனுக்குப் போட்டியாக நின்றால் மின்வாரியத்தின் விலையையும் பேட்டரியின் ஆயுளையும் ஒரு சின்னக் குழு தாங்காது.

எல்லோரும் பகிர்ந்துகொண்டால் மின்வாரியத்துக்கு நஷ்டம் இல்லையா?

நியாயமான கேள்வி. கம்பம், கம்பி, டிரான்ஸ்பார்மர், லைன்மேன் சம்பளம் எல்லாம் நம் பில்லிலிருந்துதான் வருகிறது. நாம் அந்தக் கம்பியை உபயோகித்துக்கொண்டே ஒன்றும் கட்டமாட்டோம் என்றால் அந்தச் செலவு சோலார் இல்லாதவர் தலையில் விழும், அது ஏழை வீடாகத்தான் இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நாமும் எல்லோரையும் போல மின்வாரியத்தைத்தான் நம்பியிருக்கிறோம்.

ஆனால் முழு லைன் கட்டணமும் கேட்பது சரியில்லை. ஒரே டிரான்ஸ்பார்மருக்குக் கீழே இருக்கும் இரண்டு வீடுகள் பகிர்ந்துகொண்டால் அந்தக் கரண்ட் தெருவைத் தாண்டுவதே இல்லை, பெரிய டவர் லைனைத் தொடுவதே இல்லை. ஆஸ்திரியாவில் இதைக் கணக்கில் எடுத்து, ஒரே டிரான்ஸ்பார்மருக்குக் கீழே பகிர்ந்த யூனிட்டுக்கு லைன் கட்டணத்தில் 57 சதவீதம் தள்ளுபடி, வட்டார அளவில் துணைமின் நிலையம் வழியாகப் பகிர்ந்தால் வீடுகளுக்கு 28 சதவீதம் என்று வைத்தார்கள். நடந்த தூரத்துக்கு ஏற்ற கூலி. இங்கே ஆணையம் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தும்போது இந்த ஒன்றை எழுதிக் கொடுங்கள், யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம்.

தகராறு வந்தால்?

வரும். எங்களுக்கு இதுவரை வந்த தகராறு ஒவ்வொன்றும் எண் தெரியாததால் வந்தது. மூன்றாவது மாதம், சோலார் சரியாக ஓடவில்லை, பணம் போச்சு என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஆரம்பித்து இரண்டு நாள் ஓடியது. அதற்குப் பிறகு லிஃப்ட் பக்கத்தில் ஒரு சிலேட்டு மாட்டினோம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒன்பதாவது படிக்கும் பையன் ஒருவன் மீட்டரைப் பார்த்து, வந்தது, கொடுத்தது, எடுத்தது என்று மூன்று எண்களைச் சாக்பீஸால் எழுதுகிறான். லிஃப்டுக்குக் காத்திருக்கும் எல்லோர் கண்ணிலும் படுகிறது. ஒரு வாரம் எண் குறைந்திருந்தால் கேள்வி கேட்க ஆள் இருக்கிறது, அப்படித்தான் ஒரு தடவை பேனல் மேல் காகம் கட்டிய கூட்டையும் கண்டுபிடித்தோம்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

கொட்டேஷன் வாங்குவதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடந்த ஒரு வருஷத்துப் பொது பில் எல்லாவற்றையும் தரையில் பரப்பி வையுங்கள். மோட்டார், லிஃப்ட், விளக்கு எது எந்த நேரத்தில் ஓடுகிறது என்று ஒரு வாரம் குறியுங்கள். காலை ஒன்பது, மத்தியானம் பன்னிரண்டு, மாலை நான்கு, மூன்று வேளையும் மாடிக்குப் போய் நிழல் எங்கே விழுகிறது என்று சுண்ணாம்பால் கோடு போடுங்கள், மார்கழியில் ஒரு தடவை, சித்திரையில் ஒரு தடவை போட்டால் இன்னும் நல்லது. பதிவு செய்த சங்கம் இல்லையென்றால் அதை முதலில் பதிவு செய்யுங்கள், மானியத்துக்கும் வங்கிக் கணக்குக்கும் அது வேண்டும். விற்பவரைக் கூப்பிடுவது இதெல்லாம் கையில் இருக்கும்போதுதான், மூன்று பேரிடமாவது கேளுங்கள். கடைசியாக ஒன்று, வாடகைக்கு இருப்பவர்களையும் முதல் கூட்டத்துக்கே கூப்பிடுங்கள், நாங்கள் மூன்றாவது கூட்டத்தில்தான் கூப்பிட்டோம்.